மிதிக்கும் கால்களின் எழுவாய்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஆனி மாதத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்து கோயம்புத்தூரின் ஜன்னல்களில் எல்லாம் மோதிக்கொண்டிருக்கிறது. சாரல் விழுகிறதென்றும் சொல்ல முடியாது, விழவில்லையென்றும் சொல்ல முடியாது, எதிர்வீட்டு முருங்கை மட்டும் எப்படியோ நனைந்திருக்கிறது. சக்கர நாற்காலியை இயந்திரத்துக்கு நேராக நிறுத்தி இருபக்கப் பூட்டையும் போட்டுவிட்டேன். இயந்திரம் என்பது இருக்கை இல்லாத ஒரு சைக்கிள்: இரண்டு மிதிகள், ஒரு மோட்டார், என் முகத்துக்கு எதிரே ஒரு சிறிய திரை. இந்தச் சிகிச்சை மையத்தின் பிசியோதெரபிஸ்ட் பெனசீர் குனிந்து என் பாதங்களை மிதிகளில் வைத்துப் பட்டை கட்டுகிறாள், பிறகு தொடைகளில் பசையுள்ள வில்லைகளை ஒட்டுகிறாள், ஒவ்வொரு வில்லையிலிருந்தும் ஒரு ஒயர் கிளம்பி இயந்திரத்துக்குள் போகிறது. ஒட்டும்போது "கொஞ்சம் சில்லுனு இருக்கும் மேடம்" என்கிறாள், உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், ஏனென்றால் தொப்புளுக்குக் கீழே எனக்குச் சில்லென்பதும் இல்லை, சுடுவதும் இல்லை. எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வாய், பாவம், என்னிடமும் சொல்லிவிடுகிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, தொடைக்குச் சொல்லாமல் தொடையைத் தொடுவது மரியாதை இல்லை அல்லவா. வெளியே வேனின் கதவு சாத்தப்படும் ஓசை. என் வீட்டுக்காரர் வருகிறார். வழக்கமாக என்னை இறக்கிவிட்டுத் தன் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய்விடுகிறவர், இன்று "நானும் உள்ள வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். என்னைப் போலவே இங்கே சிகிச்சைக்கு வரும் சுப்பராயன் வாசலில் பற்றவைத்த நெருப்பு அது: "உங்கூட்டு டீச்சர் காலு தானா மிதிக்குதுங்கண்ணா, நீங்க ஒருக்கா வந்து பாருங்க." தானாக மிதிக்கிறது. அந்தத் 'தானா'வை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று அவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், இன்றே சொல்லியாக வேண்டும்: கல்லூரி முதல்வர் அம்மா கூப்பிட்டிருந்தார், மூன்றாம் ஆண்டு இலக்கண வகுப்பைத் தரைத்தள அறைக்கு மாற்றித் தருகிறேன், நாற்காலியிலேயே வாருங்கள், ஆனால் நாளைக் காலைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் இந்த ஆண்டுக்கு வேறு ஒருவரைப் போட்டுவிடுவேன் என்றார். என் வீட்டுக்காரரோ, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரே பேச்சாக, நடந்த பிறகு போகலாம் என்கிறார். கால்கள் மிதிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இனி யார் பதில் சொல்வது.

பெனசீர் முதலில் மோட்டாரை மட்டும் ஓடவிடுகிறாள். கால்கள் மெதுவாகச் சுற்றுகின்றன, வலது முழங்கால் மேலே, இடது முழங்கால் மேலே, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை யாரோ ஆட்டுவது போல. இது சூடேற்றுவது, இதில் என் பங்கு எதுவும் இல்லை. பிறகு அவள் விரல் திரையில் ஓர் அம்பைத் தொடத் தொட, மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பார்த்தால்தான் தெரிகிறது: தோலுக்கு அடியில் தசை உருண்டு எழுகிறது, முழங்காலுக்கு மேலே ஒரு குழி விழுகிறது, அந்தக் குழியை நான் கல்லூரிக் காலத்தில் வளையப்பந்து ஆடும்போது பார்த்திருக்கிறேன், அதே குழி. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இங்கே உட்காரக் கூச்சமாக இருந்த முதல் நாட்களில் இந்தத் தொடைகள் வற்றிய மூங்கிலாக இருந்தன. இப்போது சதை வைத்திருக்கிறது, பிட்டத்திலும் வைத்திருக்கிறது, அதனால் படுக்கைப் புண் பயம் குறைந்திருக்கிறது, இரவில் கால்கள் வெட்டி வெட்டி இழுப்பது குறைந்திருக்கிறது, பாதம் வீங்குவதும் இல்லை. இவ்வளவும் போதாதா. போதும் என்று சொன்னால் தோற்றுவிட்டேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் போதும் என்பதை மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். திரையில் இரண்டு பட்டைகள், பச்சை என் கால்களின் பங்கு, நீலம் மோட்டாரின் பங்கு. பச்சை வளர்கிறது, நீலம் சுருங்குகிறது. மிதிக்கிறேன். யார் மிதிக்கிறேன்? வாக்கியத்தைத் திருத்தி எழுது: கால்கள் மிதிக்கின்றன. அதுவும் சரியில்லை. அசைவது தன்வினை, அசைப்பது பிறவினை என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன், அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவுகிறவன், கொத்தன் கட்டினான் என்றால் அவன் இயற்றுகிறவன், இருவருமே எழுவாயாக நிற்கலாம் என்று. இங்கே கொத்தனுக்குக் கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன, அரசனும் தலைநகரில் நன்றாகத்தான் இருக்கிறான், நடுவில் பாலம் அறுந்ததால் ஆணை போய்ச் சேரவில்லை. வேறு யாரோ ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து ஆணை கொடுக்கிறார்கள், கொத்தன் யாருடைய ஆணை என்று கேட்காமல் கட்டுகிறான். அப்படியானால் கோயில் யாருடையது. என் ஊரில்தான் இருக்கிறது, என் கல்லால்தான் எழும்புகிறது. என்னுடையது என்று வைத்துக்கொள்வதில் யாருக்கு நஷ்டம்.

அவர் உள்ளே வந்து செருப்பை ஓரமாக விட்டுவிட்டு என் அருகில் நிற்கவில்லை, நேராக இயந்திரத்தின் பின்பக்கம் போய்க் குனிந்தார். தண்டபாணி என்ற மனிதர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மோட்டாரைத்தான் விசாரிப்பார், பிறகுதான் மனிதர்களை. எங்கள் கல்யாணத்தன்றே மண்டபத்து ஜெனரேட்டர் அறையிலிருந்து அவரைக் கூட்டிவர ஆள் போக வேண்டியிருந்தது. "கியர் மோட்டாருங்களா இது?" என்று பெனசீரைக் கேட்டார். "ஆமாம் சார்." "சத்தமே இல்ல. நல்ல மோட்டாரு." அதற்கப்புறம்தான் நிமிர்ந்து என் கால்களைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காற்றில் மினுங்கும் விளக்கைக் கையால் மறைத்தவுடன் சுடர் நேராக நிமிருமே, அப்படி அந்த முகம் நிமிர்ந்தது, நான் எதற்குப் பயந்தேனோ அதுதான். பச்சைப் பட்டை பெரிதாக இருந்த நேரம் பார்த்தா வர வேண்டும். "வாணி," என்றார், "நீயா மிதிக்கற?" ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா, ஒரு சொல்லில் பதில் கேட்கும் கேள்விகள் எல்லாமே அநியாயமானவை. தடுப்புத் திரைக்கு அந்தப்பக்கம் கையால் சுற்றும் சைக்கிளில் இருந்த சுப்பராயன், தென்னை ஏறுகிறவர், மரத்திலிருந்து விழுந்து என்னைப் போலவே நாற்காலிக்கு வந்தவர், எனக்காகப் பதில் சொன்னார்: "டீச்சர் இந்நேரம் மேட்டுப்பாளையம் தாண்டியிருப்பாங்கண்ணா. நான்தான் இன்னும் துடியலூர்லயே நின்னுக்கிட்டிருக்கேன்." "உங்களுக்கும் கால்ல மாட்டலாமில்லீங்க?" என்றார் இவர். "எனக்கு மாட்டுனா புடிக்காதாமா. அடில இருக்கற நரம்பே போச்சுங்கறாங்க. என்ற காலு கவர்மென்ட் ஆபீசு, கரண்ட் குடுத்தாலும் வேல நடக்காது." சுப்பராயன் சிரித்தார், பெனசீர் சிரித்தாள், நானும் சிரித்தேன்; என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் முழங்காலின் மேலிருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார், அது விழுவதையும் மறைவதையும், விழுவதையும் மறைவதையும்.

பிறகு அவர் பெனசீரிடம் பேசத் தொடங்கினார், எதிரே நான் இருப்பதை மறந்தவர் போல. "ஆஸ்பத்திரில தொண்டைக்குழாயை எடுத்த அன்னிக்குங்க, இவ கண்ணத் தொறந்து பேசுன மொத வார்த்தையே, நடக்கணும்ங்கறதுதான். எனக்குத் தண்ணி வேணும்னு சொல்லல, வலிக்குதுன்னு சொல்லல. நடக்கணும். அதக் கேட்டவனுங்க நானு. அன்னைல இருந்து கிருத்திகை தவறாம மலையேறிட்டிருக்கேன்." நடக்கணும் என்றா சொன்னேன். அந்த அறை நினைவில் இருக்கிறது: கொசுவலை நிறத்தில் ஒரு திரை, எங்கோ நிற்காமல் கிணுகிணுக்கும் ஒரு மணி, ஆட்டோ கவிழ்ந்தபோது மூக்கில் ஏறிய மழைச்சேற்றின் வாடை அங்கேயும் போகாமல் இருந்தது. உதடு வெடித்திருந்தது. நாக்கு, நாக்கு என்பது ஒரு காய்ந்த மட்டையாக வாய்க்குள் கிடந்தது. நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் அப்போது? கால்களை அல்ல. கால்களைப் பற்றி எனக்கு அன்று யாரும் சொல்லவே இல்லை, அவை போர்வைக்கு அடியில் இருக்கின்றன என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பு. ஆகுபெயர் பாதியில் நின்றுபோயிருந்தது, பிள்ளைகளுக்குத் தேர்வு வருகிறது, மீதியை யார் எடுப்பார்கள், சினையாகுபெயரை எப்போதும் எல்லோரும் தப்பாகவே நடத்துவார்கள், நான்தான் போய் நடத்தணும். நடத்தணும். நான் சொன்னது அது. நடத்தணும் என்றுதான் சொன்னேன். நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் தகரம் பிறக்கும். காய்ந்த நாக்கு அவ்வளவு தூரம் எட்டியிருக்காது. அடிநாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தகரத்துக்குப் பதிலாகக் ககரத்தைப் பெற்றிருக்கும். எழுத்துகளின் பிறப்பை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தவளின் வாயில், ஓர் எழுத்து இடம் மாறிப் பிறந்திருக்கிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது, "நடப்ப, நடப்ப, நான் நடக்க வெக்கறேன்" என்று அழுதார், நான் எதற்கு அழுகிறார் என்று புரியாமல் தூங்கிப்போனேன். எங்கள் வீட்டு வாசல்படிக்கு இன்றுவரை சாய்தளம் கட்டவில்லை, கட்டினால் நடக்கமாட்டாள் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமாம், ஒவ்வொரு முறையும் நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்குகிறார்கள். இத்தனையும் ஒரு ககரத்தின் மேல் கட்டியது. சிரிப்பு வருகிறது. சிரித்தால் அழுகையில் போய் முடியுமோ என்று பயமாகவும் இருக்கிறது, இல்லை, முடியாது, சிரிப்பு மட்டும்தான்.

மார்பு ஏறி இறங்குகிறது. இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்: கால்கள் உழைப்பது எனக்குத் தெரியாது, ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கழுத்தில் வியர்க்கிறது, மூச்சு நீளமாகக் கேட்கிறது, கீழே யாரோ ரத்தம் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று மேலே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பாலம் அறுந்தால் என்ன, ஆறு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. பெனசீர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, தலைவலி இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன். பச்சைப் பட்டை சுருங்கத் தொடங்கியது, தசை களைத்துவிட்டது, நீலம் மீண்டும் பெரிதாகியது, கால்கள் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் சுற்றின. அவர் அதைக் கவனித்துவிட்டார். சுமை ஏறினால் மோட்டார் எப்படி முனகும் என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவர் அல்லவா. "இப்ப மோட்டாரு இழுக்குது," என்றார். "ஆமாம் சார். மசில் டயர்டாயிடுச்சு." "இந்தக் கரண்ட நிறுத்திட்டீங்கன்னா?" "காலோட வேலை நின்னுடும் சார், மோட்டார் மட்டும்தான் சுத்தும்." "கொஞ்சநாள் போனா, நிறுத்துனாலும் ஓடுமில்லீங்க?" பெனசீர் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன், சொல் என்று. "ஓடாது சார். மேடத்துக்கு மேலிருந்து வர்ற சிக்னல் முழுசா நின்னுபோச்சு. இது எக்சர்சைஸ். உடம்பக் காப்பாத்தும். நடக்க வைக்கும்னு நான் சொல்லமாட்டேன், சொன்னா அது பொய்." சாரல் இப்போது நிச்சயமாக விழுந்தது, ஜன்னல் ஓரத்துத் தரை கறுத்தது. "நான் என்ன நெனச்சேன்னாங்க," என்றார் மெதுவாக, "புது பம்புக்கு மொதல்ல நாமதான் தண்ணி ஊத்தி ஓட்டி விடோணும், குழாய்ல காத்து போய் தண்ணி நெரம்பிருச்சுன்னா அப்பறம் அதுவே இழுத்துக்கும். அந்த மாதிரின்னு நெனச்சேன். தினம் ஊத்துனா ஒருநாள் புடிச்சுக்கும்னு." பிறகு தன் கையாலேயே காற்றில் ஒரு கோடு இழுத்து, நடுவில் வெட்டிக் காட்டினார். "இது தண்ணி ஊத்தற கேஸ் இல்ல. மெயின் லைனே வரல. ஜெனரேட்டர் போட்டு ஓட்டிட்டிருக்கோம்." "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்," என்றாள் பெனசீர். எனக்கு அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது, கை எட்டவில்லை, பட்டைகள் என்னை இயந்திரத்தோடு கட்டியிருந்தன.

இதுதான் நேரம் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. எங்கே தொடங்குவது, முதல்வர் அம்மாவிடமா, ஆகுபெயரிடமா, தகரத்திடமா. ஒருவருடைய நம்பிக்கை அறுந்துபோன அதே நிமிடத்தில் அது பிழையான நம்பிக்கை என்றும் சொல்ல வேண்டுமா, பொறுத்துச் சொல்லக்கூடாதா. பொறுத்தால் நாளைக் காலை போய்விடும், இந்த ஆண்டு போய்விடும். "ஏனுங்க," என்றேன், "நான் அன்னிக்கு நடக்கணும்னு சொல்லலீங்க. நடத்தணும்னு சொன்னேன். பாடம் நடத்தணும்னு. நாக்கு காஞ்சு கெடந்துது, த வரல." அவர் திரும்பினார். புரியவில்லை என்று நெற்றி சொன்னது, பிறகு புரிந்தது என்று வாய் சொன்னது, வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. "பாடமா?" "பாடந்தான்." "கண்ணு முழிச்சதும் பாடமா நெனப்பு?" "ஆகுபெயர் பாதில நின்னுபோச்சுங்க." திரைக்கு அந்தப்பக்கம் கைச்சைக்கிளின் சத்தம் நின்றுபோயிருந்தது, சுப்பராயன் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்குவதைக் கண்டேன், முதலில் பயந்தேன், பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "அப்ப ஒன்றர வருசமா முருகங்கிட்ட நான் குடுத்த மனுவுல எழுத்துப்பிழையா?" என்றார். "அதான் பைலு நகரலைங்கண்ணா," என்றது திரைக்கு அந்தப்பக்கத்துக் குரல். நான் சிரித்துக்கொண்டே முதல்வர் அம்மா கூப்பிட்டதைச் சொன்னேன், தரைத்தள அறையைச் சொன்னேன், நாளைக் காலைக்குள் என்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்று அவர் முகம் இறுகியது. "நாற்காலில போனா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க, வாணி." "மொத நாள் பாப்பாங்க. ரெண்டாம் நாள் பரீட்சைக்கு எது வரும்னு கேப்பாங்க." பெனசீர் வில்லைகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, கால்களை மிதியிலிருந்து இறக்கினாள். இறக்கியவுடன் அவை வழக்கம்போல வெறும் கால்களாயின, கனமான, அமைதியான, என்னுடைய கால்கள். வேனில் என்னை ஏற்றிப் பட்டை மாட்டும்போதுதான் அவர் பேசினார்: "மலைக்குப் போறத நான் விடமாட்டேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது." "விட வேண்டாங்க." "உன்ற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடயாது." "கெடயாது." கதவைச் சாத்திவிட்டுச் சற்று நின்று, மறுபடி திறந்தார். "அந்த ரூமுக்குக் கதவு எத்தன அகலம்?" எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் அதற்குள் நடந்து போய் நடந்து வந்தவள், அகலத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் சாரல் விட்டிருந்தது. சுப்பராயன் தன் மச்சானின் டெம்போவில் ஏறி, விழுந்ததற்குப் பிறகு முதல்முறையாகத் தோப்புக்குப் போய், மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த புது ஆளைப் பாளைக்குப் பாளை திட்டினாராம். அவரே பிறகு பெருமையாகச் சொன்னார். பெனசீர் மையத்தைத் திறந்தவுடன் என் நேரத்தை மாலை ஐந்துக்குத் தள்ளிவைத்து, கல்லூரி விட்டு வந்து ஒரு டீயாவது குடித்துவிட்டு வாருங்கள் மேடம், வெறும் வயிற்றோடு வராதீர்கள் என்று செய்தி அனுப்பினாள். அவர் கடையைத் திறக்காமல் அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனார். நான் முதல்வர் அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால், நீலப் பருத்திச் சேலையின் முந்தானையைச் சக்கரத்தில் சிக்காமல் எங்கே செருகுவது என்று பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் ஆசிரியைகளுக்குச் சேலைதான் வழக்கம், இரண்டு முறை சிக்கியது, மூன்றாம் முறை இடது இடுப்பில் நின்றது. அப்போது கைப்பேசி அடித்தது. கதவு போதும் என்றார் அவர், தாராளமாகப் போதும், வாட்ச்மேன் நல்ல மனிதர், ஆனால் கரும்பலகைக்கு முன்னால் சிமென்ட்டில் ஒரு மேடை கட்டிவைத்திருக்கிறார்கள், அரை முழம் உயரம், அதற்கு இரும்புத் தகட்டில் ஒரு சாய்தளம் வெட்டிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். சாய்தளம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. மேடை வேண்டாங்க, பிள்ளைகளோட கீழயே இருந்துக்கறேன், அந்தத் தகட்ட நம்ம வாசல்படிக்கு வெட்டுங்க என்றேன்.